நேசமலர் அக்காவைப் பணிவானவர் என்று எழுதாதீர்கள்

நேசமலர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வியாழக்கிழமை காலை வந்தது. அலுவலகத்துக்கு வந்த தபாலைப் பிரித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் கடிதத்தைக் கையில் எடுத்தபோது தொலைபேசி அடித்தது. அக்காவின் மகள் சுகந்தி, குருக்கள்மடத்திலிருந்து.

"மாமா, அம்மா போயிட்டா. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவ. நான் கோப்பையக் கழுவி வச்சிட்டு வந்து பாக்கிறன், தலை சாஞ்சு போய்க் கிடக்கு."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கடிதங்கள் வைத்திருந்த தபால் மட்டையை மூடி வைத்தேன். அரை மணித்தியாலம் போகவில்லை, எங்கள் நலன்புரிச் சங்கத்தின் அஞ்சலி வட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. பூமாலைப் படம், எரியும் விளக்கு, நடுவில் அக்காவின் பழைய அடையாள அட்டைப் படம். கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: 'பணிவும் அமைதியும் ஒருங்கே அமைந்தவர், மேலதிகாரிகளின் சொல் தட்டாதவர், உன்னதமான சேவையாளர்.'

எழுதியவரைக் குறை சொல்லவில்லை. போன வருடம் எங்கள் சாரதி ஒருவர் காலமானபோதும் இதே வசனம்தான் வந்தது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் நேசமலர் அக்காவுடன் இருபது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வசனத்தில் 'உன்னதம்' என்ற ஒரு சொல் மட்டும் சரி. மற்ற மூன்றும் பொய். அவர் பணிந்தவர் அல்லர். அமைதியானவர் அல்லர். மேலதிகாரிகளின் சொல்லைத் தட்டியவர். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: திருமதி நேசமலர் தருமலிங்கம் வாவிக்கரையில் உள்ள எங்கள் பிரதேச அலுவலகத்தில் தபாலும் கோவைகளும், அதாவது கடிதக் கோப்புகளும், பார்க்கும் பகுதியின் இலிகிதராக இருந்தவர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். உறையைக் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே வேறு ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, திகதி முத்திரை குத்தி, உட்தபால் பதிவேட்டில் இலக்கம் போட்டு, எந்தக் கிளைக்குப் போக வேண்டுமோ அந்தக் கிளையின் கோவைக்கு அனுப்புவார். வெளியே போகும் கடிதமும் அவர் கையால்தான் போகும். அலுவலகங்களில் இந்த வேலையை ஒருவரும் விரும்பிக் கேட்பதில்லை. தண்டனையாகக் கொடுப்பார்கள், அல்லது புதிதாக வருபவரின் தலையில் கட்டுவார்கள். அக்காவுக்கு இரண்டு தரம் வேறு கிளை கொடுத்தார்கள். இரண்டு தரமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாதையெல்லாம் சோதனைச் சாவடி. மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகும் தபால் பையை அக்காவே பஸ்ஸில் கொண்டுபோவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். சாவடியில் நின்ற சிப்பாய் பையைத் திறந்து, ஒட்டியிருந்த ஒரு கடிதத்தைக் கிழிக்கப் போனான். அக்கா பையிலிருந்து விநியோகப் புத்தகத்தை எடுத்து, பேனையையும் நீட்டி, அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார்: இது அரசாங்கத் தபால், திறப்பதென்றால் திறக்கலாம், ஆனால் திறந்தவர் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சிப்பாய் புத்தகத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கடிதத்தைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

பஸ்ஸில் ஏறிய பிறகு, "அக்கா, உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"பயந்தான். அதுக்காக உறையைக் கிழிக்க விடுறதா?" என்றார்.

மாரி மழையில் ஒருமுறை வாவி பெருகிக் கோவை அறைக்குள் தண்ணீர் வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று உத்தரவு. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடித்தட்டுக் கோவைகளை பலகை வாங்குகளின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலதிகாரி வந்து கூப்பிட்டதற்கு, "நீங்க போங்க சேர், இதுகளுக்கு நீந்தத் தெரியாது" என்று பதில். சொல் தட்டாதவராம்.

இப்போது அக்காவின் துண்டுச் சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் கடிதத்தை நேரில் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். பற்றுச்சீட்டு எதுவும் கொடுக்கும் வழக்கமில்லை. அக்கா கொடுத்தார். வந்த கடிதங்களின் உறைகளை எறியாமல் வைத்திருந்து, விரித்து, உட்பக்கத்தைக் கத்தரிக்கோலால் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி ஒரு தகரப் பேணிக்குள் போட்டு வைத்திருப்பார். கடிதம் கொடுத்தவருக்கு அதில் பதிவிலக்கமும் திகதியும் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்துக் கொடுப்பார். சனங்கள் அதை அடையாள அட்டைக்குப் பின்னால், வெற்றிலைப் பைக்குள் எல்லாம் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இலக்கத்தைக் காட்டி 'என்ட கடிதம் எங்க?' என்று வந்து நின்றால் ஒருவராலும் தட்டிக்கழிக்க முடியாது. ஆகவே எங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு என்றால் எனக்கும்தான். அதை நிறுத்தச் சொல்லி வாய்மொழியாகப் பலமுறை சொல்லப்பட்டது. "எழுத்தில தாங்க சேர், பதிஞ்சு கோவையில போடுறன்" என்பார். எழுத்தில் ஒருவரும் கொடுக்கவில்லை.

போர் முடிந்து சில வருடங்களில் வாவிக்கரைக் காணிகளில் ஆட்களின் கண் விழத் தொடங்கியது. அப்போது நான் காணிக் கிளை இலிகிதர். மீனவர்கள் தோணி கட்டி வலை காயப்போடும் ஒரு கரையை, உல்லாச விடுதி கட்ட ஒருவர் குத்தகைக்குக் கேட்டிருந்தார். ஆட்சேபனை உள்ளவர்கள் குறித்த திகதிக்கு முன் அறிவிக்கலாம் என்று விளம்பரம் ஒட்டினோம். மீனவர் சங்கச் செயலாளர் சின்னராசா அண்ணன் தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டு, "தம்பி, கடிதம் குடுத்திட்டம், பாத்துக்கங்க" என்றார். நான் தலையாட்டினேன். அலுவலகம் வந்து என் கடிதத் தட்டைப் பார்த்தேன், கடிதம் இல்லை. பத்தடி தள்ளித்தான் அக்காவின் மேசை. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே இருந்து அவசரப்படுத்தினார்கள். 'ஆட்சேபனைகள் எவையும் கிடைக்கப் பெறவில்லை' என்று என் கையால் அறிக்கை எழுதினேன். அது கச்சேரிக்குப் போனது.

கடிதம் எங்கே போனது? சின்னராசா அண்ணனின் சங்கத்துக்குச் சொந்தமாகக் கடிதத் தலைப்பு அச்சடித்த தாள் இல்லை. அவரே கண்ணகி அம்மன் கோயில் நிர்வாகத்துக்கும் செயலாளர். அரசாங்கத்துக்கு எழுதும் கடிதம் வெறுந்தாளில் போகக் கூடாது என்று, கோயிலின் கடிதத் தலைப்பிலேயே ஆட்சேபனையை எழுதிவிட்டார். மேலே அம்மன் படம், 'அம்மன் துணை', பிறகு ஒரு வணக்கம், பிறகுதான் தோணிகளைப் பற்றிய பேச்சு. அது வைகாசி மாதம், கோயிலின் திருக்குளிர்த்திச் சடங்குக் காலம். தண்ணீர் பவுசர் வண்டி வேண்டும், ஒலிபெருக்கி அனுமதி வேண்டும் என்று கோயில் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்துகொண்டிருந்தன. அக்கா தலைப்பைப் பார்த்தார், முத்திரை குத்தினார், 'திருக்குளிர்த்தி, கலாசாரக் கிளை' என்று பதிந்தார். கலாசாரக் கிளையில் அதை வாசிக்காமல் கோவையில் கோத்தார்கள். சடங்கு நல்லபடியாக முடிந்தது.

நில அளவையாளர்கள் வந்து கரையில் கல் நட்டபோதுதான் மீனவர்களுக்கு விசயம் தெரிந்தது. முப்பது பேர் வந்து நின்றார்கள். முதல் ஆளாக நின்ற சின்னராசா அண்ணன், பொலித்தீனில் சுற்றிய உறைத் துண்டை அக்காவின் மேசையில் வைத்தார். அக்கா பதிவேட்டை விரித்து அந்த இலக்கத்தில் விரலை வைத்தார். பிறகு எழுந்து கலாசாரக் கிளைக்குப் போய்க் கோயில் கோவையை எடுத்து, நின்றபடியே புரட்டி, அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்தார். வாசித்து முடித்ததும் கோவையை நெஞ்சோடு பிடித்தபடி அங்கேயே தரையில் இருந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து மீனவர்களிடம், "உங்கட கடிதம் கிடைச்சிருக்கி. பிழையான இடத்துக்கு அனுப்பினது நான்" என்று சத்தமாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் மேலதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை.

"பதிவேட்டில என்ன கிடக்கு? கோயில் கடிதம் எண்டுதானே? கோயில் கடிதம் வந்திச்சு, கோயில் கோவைக்குப் போச்சு. நேசமலர், நீங்க பொய் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. பேசாம இருந்தாச் சரி. அந்தத் தாளை நான் பாத்துக்கிறன்."

அக்கா வெளியே வந்து, தன் மேசையில் உறை வெட்டத் தொடங்கினார். அவரைச் சமாளிக்கும் வேலை எனக்கு வந்தது. அதை நான் செய்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், மறுக்காமல் செய்தேன்.

"அக்கா, யோசிச்சுப் பாருங்க. வெளிய வந்தா உங்களுக்குத்தான் குற்றப்பத்திரம் வரும்."

"வரட்டும். அதையும் நான்தானே பதியணும்."

"சேர் சொல்றதிலயும் நியாயம் இரிக்கித்தானே. பதிவேட்டில இருக்கிறதத்தானே நாங்க சொல்றம்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தம்பி, பதிவேட்டில இருக்கிறது பிழை. எழுதினது நான். என்ட பிழையக் காட்டி அந்தச் சனத்தின்ட கரையப் பறிக்கப் போறிங்க. அதுக்கு நான் பேசாம இரிக்கணுமா?"

"நானும் மாட்டுவன் அக்கா. அறிக்கை எழுதினது நான்."

"தெரியும். உன்ட பேர நான் எழுத மாட்டன். அது நீ எழுத வேண்டியது. என்ட பிழைய எழுதத்தான் எனக்கு உரிமை இரிக்கி."

மறுநாள் காலை மேலதிகாரிக்குப் போன தபால் மட்டையில் முதல் கடிதம் அக்கா எழுதியது. மீனவர்களின் ஆட்சேபனை உரிய திகதிக்குள் கிடைத்தது, அதைத் தவறான கோவைக்கு அனுப்பியது தான், ஆகவே காணி அறிக்கை திருத்தப்பட வேண்டும் என்று எட்டு வரிகள். வெளியார் கடிதம் போலவே அதற்கும் திகதி முத்திரை குத்தி, உட்தபால் பதிவேட்டில் அடுத்த இலக்கம் போட்டுப் பதிந்திருந்தார். பேணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து இலக்கம் எழுதித் தனக்குத் தானே கொடுத்தும் கொண்டார். ஒரு பிரதி, ஆட்சேபனையின் பிரதியோடு, பதிவுத் தபாலில் கச்சேரிக்கு முதல்நாளே போய்விட்டது. அதுவும் வெளித்தபால் பதிவேட்டில் ஒழுங்காக இருந்தது. மேலதிகாரியின் அறையிலிருந்து வந்த சத்தம் வாசல் காவலாளி வரை கேட்டது. அக்காவின் சத்தமும் கேட்டது, குறைவாக அல்ல.

விசாரணை நடந்தது. நட்ட கற்களைப் பிடுங்கினார்கள். இன்றும் அந்தக் கரையில் தோணிகள் நிற்கின்றன. போகிறவர்கள் பார்க்கலாம்.

குற்றப்பத்திரமும் வந்தது, தபாலில். அக்கா உறையைக் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்திரை குத்தி, பதிந்து, 'நடவடிக்கை: நேசமலர்' என்று எழுதித் தன் தட்டில் போட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடமையில் கவலையீனம் என்று கடும் எச்சரிக்கை, கூடவே இடமாற்றம். அறிக்கை எழுதிய என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. குருக்கள்மடத்துக்காரியை வவுணதீவுப் பக்கம், படுவான்கரைக்கு அனுப்பினார்கள். இரண்டு பஸ், இடையில் நடை. களைத்துப் போய் வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தார்கள் போலும். ஓய்வு பெறும் வயது வரை ஒரு நாள் பிந்தாமல் போய் வந்தார். சில வருடங்களின் பின் ஒரு காணி அலுவலாக அந்தப் பக்கம் போனபோது, வயல் வட்டைக்குள் நின்ற விவசாயி ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டி, "ஐயா, கடிதம் குடுத்திருக்கம், நேசமலர் துண்டு இஞ்ச இரிக்கி" என்றார். உறையின் உட்பக்கம், முத்திரை, அதே கையெழுத்து.

திரும்பும் வழியில் அவரைப் பார்க்கப் போனேன். பேணி மேசையில் இருந்தது. தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். எழும்பும்போது கேட்டேன்.

"அக்கா, என்னில கோவமா?"

"ஓம், கோவந்தான். இல்லாம?"

"என்ன செய்தா ஆறும்?"

"உனக்குத் தெரியும். எழுதிக் குடு. என்ட கோவையில கடைசித் தாள் அந்த எச்சரிக்கைக் கடிதந்தான். அது பிழையில்ல, நான் விட்ட பிழைக்கு வந்தது. ஆனா அது பாதிக் கதை. மத்தப் பாதி உன்னட்ட கிடக்கு."

"எழுதுறன் அக்கா" என்றேன். எழுதவில்லை. முதலில் பதவி உயர்வு வர இருந்தது. பிறகு வந்த பதவியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இன்று அதே அலுவலகத்தின் நிர்வாக உத்தியோகத்தர் நான்தான்.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் வந்தது. மீனவர்கள் தங்கள் சங்கத்தின் சொந்தக் கடிதத் தலைப்பில் அனுதாபச் செய்தி எழுதிக் கொண்டுவந்தார்கள். தோணிப் படம் போட்ட தலைப்பு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அக்காதான் சண்டை பிடித்து அச்சடிக்க வைத்தவராம். சின்னராசா அண்ணன், இப்போது நடக்கவும் கஷ்டப்படுகிறார், பொலித்தீனைப் பிரித்து அந்தத் துண்டை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அதையும் பெட்டிக்குள் வைப்போம் என்று யாரோ கையை நீட்டினார்கள்.

"இதத் தரமாட்டன்" என்றார். "எங்கட கரைக்குக் காணி உறுதி இதுதான்."

மறுபடியும் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை தபால் மேசைக்குப் போனேன். இப்போது அங்கே இருப்பவர் திருமதி ரஜனி. பதிவேடு போய்க் கணினி வந்துவிட்டது. கையில் இருந்த கடிதத்தைக் கொடுத்தேன்.

"சேர், இது நீங்க எழுதினது. பதிஞ்சாத் திரும்ப உங்களிட்டத்தானே வரும்?"

"வெளியாள் குடுத்த கடிதம் எண்டு பதியுங்க. கச்சேரிக்குப் போற பிரதியையும் பதியுங்க."

அவர் வாசித்தார். மீனவர்களிடமிருந்து ஆட்சேபனை போயிருப்பதை நான் அறிந்திருந்தேன், விசாரித்துப் பார்க்காமலே ஆட்சேபனை கிடைக்கவில்லை என்று அறிக்கை எழுதினேன், உண்மையை மறைக்கும்படி திருமதி நேசமலரைக் கேட்டேன், அவர் மறுத்தார், அவருக்கு இடமாற்றம் கிடைத்தது அவருடைய பிழைக்காக அல்ல, அந்த மறுப்புக்காக என்று எட்டு வரிகள். இதை அவரது சுயவிபரக் கோவையில் கடைசித் தாளாகச் சேர்க்க வேண்டும் என்று ஒன்பதாவது வரி. ரஜனி நிமிர்ந்து பார்த்தார்.

"சேர், ஓய்வுக்கு எட்டு மாசந்தானே கிடக்கு. இது உங்களுக்குப் பிரச்சினையாகும்."

"வரட்டும். பதிஞ்சு இலக்கத்தை ஒரு துண்டில எழுதித் தாங்க."

"துண்டு குடுக்கிற வழக்கமில்லையே சேர். திரையைப் போட்டோ எடுங்களன்."

"துண்டு தந்தாத்தான் போவன்" என்றேன். அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் மனுக் கொடுக்க வந்த நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ரஜனி சுற்றிப் பார்த்தார். குப்பைக் கூடையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, மூலையைக் கிழித்து, உட்பக்கத்தில் இலக்கமும் திகதியும் எழுதி முத்திரை குத்தித் தந்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் மனுவை நீட்டி, "எனக்கும் அப்பிடி ஒண்டு தாங்க" என்றார். ரஜனி மறுபடியும் உறையைக் கிழித்தார்.

அக்கா, எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கோவையில் இப்போது கடைசித் தாள் என்னுடையது. நீங்கள் இருக்கும்போது கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை, அதற்கு உங்கள் கோபம் கோபமாகவே இருக்கட்டும். போய் வாருங்கள். துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது.